இரண்டாவது மணி

அவளுடைய வருகைப் பதிவேட்டை நான் முதன்முதலாகத் திறந்து பார்த்தபோது, ஏழு பெயர்களுக்கு நேரே பென்சில் கோடு இருந்தது. பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அரசாங்கப் பதிவேட்டில் பென்சில் படக்கூடாது. காலையில் வந்த பிள்ளைக்கு நீல மையில் ஒரு சாய்கோடு, மதியமும் இருந்தால் அதன் குறுக்கே இன்னொரு சாய்கோடு, வராத பிள்ளைக்குச் சிவப்பு மை. பி.எட். முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அதுவாக்கா? அந்த ஏழு பேரும் தோட்டத்துலருந்து வந்துக்கிட்டு இருக்காளுக. வந்ததும் பேனாவால போட்டுருவேன்" என்றாள். வருவதற்கு முன்னாலேயே வந்ததாகக் குறிப்பது பொய் இல்லையா என்றேன். "எப்பிடியும் வந்துருவாளுகல்ல" என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னபடியே பத்து மணிக்குள் ஏழு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். தேனி தனி மாவட்டமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் சமூக அறிவியல், அவள் கணக்கு. எனக்கு அப்போது நாற்பது வயது, அவளுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. அவள் பெயர் இங்கே வேண்டாம். பிள்ளைகளுக்கு அவள் கணக்கு மிஸ், எங்களுக்குக் கணக்கு டீச்சர். என்னைப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிட்டார்கள் என்றால், முன்னால் டீச்சர், பின்னால் கேட்டு டீச்சர். பள்ளிக்கூடத்து இரும்பு கேட்டுக்குப் பொறுப்பு நான்தான். காலையில் ஒன்பது இருபதுக்கு முதல் மணி, ஒன்பதரைக்கு இரண்டாவது மணி. இரண்டாவது மணி அடித்ததும் கேட்டைச் சாத்திப் பூட்டுப் போட்டுவிடுவேன். பிந்தி வருகிற பிள்ளை முதல் பாடவேளை முடிகிறவரை வெளியே நிற்க வேண்டும். தலைமையாசிரியை அறையில் ஒரு கடிகாரம் உண்டு. ஆசிரியைகள் சீக்கிரம் வரவேண்டும் என்பதற்காக அந்த அம்மாள் அதைப் பத்து நிமிடம் முன்னால் ஓடவிட்டிருந்தார்கள். அதனால் மணி அடிக்கிற வாட்ச்மேன் அண்ணன் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கமாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். என் கைக்கடிகாரம் தினமும் காலை ரேடியோச் செய்தியைக் கேட்டுச் சரிவைத்தது. நான் தலையை அசைத்தால் மணி அடிக்கும்.

விதி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பிடிப்பு. நெரிசலான பஸ்ஸில் கண்டக்டர் என்னைத் தாண்டிப் போய்விட்டால், இடித்துக்கொண்டு பின்னாலேயே போய் டிக்கெட் வாங்குவேன். ரேஷன் கடை வரிசையில் தெரிந்தவர்கள் முன்னால் கூப்பிட்டாலும் போகமாட்டேன். "ஏ புள்ள, நீ செத்தாலும் லீவு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுத்தான் சாவ" என்று எங்கள் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். நேர்மை என்று நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். இப்போது ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போது வேறொன்று தோன்றுகிறது. கூடப்பிறந்தவர்களில் நான்தான் நிறம் கம்மி, பேச்சும் கம்மி. என்னைப் பார்த்ததும் யாரும் முகம் மலர்ந்தது கிடையாது. ஆனால் விதிப்படி நடக்கிறவளை யாரும் குறை சொல்ல முடியாது. பிடிக்கவில்லை என்றாலும் ஒதுக்க முடியாது. பிரியம் கிடைக்காத ஆளுக்கு மரியாதையாவது கிடைக்கும் என்றுதான் அதைப் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது.

கணக்கு டீச்சருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவள் கையில் கடிகாரம்கூடக் கட்டமாட்டாள், போர்டில் எழுதும்போது இடிக்கிறதாம். "அக்கா மணி என்ன?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்னிடம்தான் கேட்பாள். நான் சொன்னால் அதற்கு மேல் யாரிடமும் கேட்கமாட்டாள். வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து கொய்யாக்காய் தின்பாள். ரிப்பன் கட்டாமல் வருகிற பிள்ளையை நான் வெளியே அனுப்பினால், அவள் கைப்பையிலிருந்து ரிப்பனை எடுத்து, நடைபாதையிலேயே உட்காரவைத்துப் பின்னிவிடுவாள். வெயில் காலத்தில் வகுப்பையே வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அதற்குத் தலைமையாசிரியையின் அனுமதி வேண்டும். அனுமதி என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோகும். கேட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு, "தப்புத்தான்க்கா" என்பாள். மறுநாளும் அதே மரத்தடியில் இருப்பாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் மேசையில் பூவாகக் கிடக்கும். பிச்சி, கனகாம்பரம், எவளோ ஒருத்தி வீட்டு வேலியில் பூத்த செம்பருத்தி. தோட்டத்துக்குப் போகிற பிள்ளைகள் பன்னீர் திராட்சைக் குலை கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் வாளித் தண்ணீரில் அலசி வகுப்புக்கே பங்கு போடுவாள். என் மேசை சுத்தமாக இருக்கும். ஆசிரியர்களுக்குப் பிள்ளைகள் எதுவும் கொடுக்கக்கூடாது என்று நான்தான் பிரேயரில் அறிவித்திருந்தேன். அதனால்தான் எனக்குத் தருவதில்லை என்று சொல்லிக்கொள்வேன். அவளுக்கும் சேர்த்துத்தானே அறிவித்தேன் என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். எனக்கு டைபாய்டு வந்து பதினோரு நாள் வீட்டில் கிடந்தேன். ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கு இரண்டு நாள் சளிக்காய்ச்சல். இளநீரும் கையுமாகப் பாதி வகுப்பு அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. நான் அந்தத் தெரு வழியாக மார்க்கெட்டுக்குப் போனபோது பார்த்தேன். "வணக்கம் டீச்சர்" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டு எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் போகட்டும் என்று காத்திருந்து, போனதும் பேச்சைத் தொடர்ந்தார்கள். மார்க்கெட் வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். பொறாமை என்று அதற்கு அன்றைக்கே பெயர் தெரியும். தெரியாதது போல இருந்தேன்.

அவளுக்குப் பிரியம் கிடைப்பதே விதியை மீறுவதால்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மலிவான வழி அது, யாரும் செய்யலாம், நான் செய்யவில்லை அவ்வளவுதான் என்று ஸ்டாஃப் ரூமில் வாய்விட்டும் சொன்னேன். அவள் காதுபடவே சொன்னேன். "அக்கா சொல்றாக பாருங்க, நெசந்தான்" என்று மற்றவர்களிடம் சிரித்தாள். திட்டினால் திருப்பித் திட்டுகிறவளிடம் சண்டை போடலாம், இவளிடம் என்ன செய்ய முடியும்.

அந்த ஏழு பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்பு பி பிரிவு, கணக்கு டீச்சர்தான் வகுப்பாசிரியை. எங்கள் பக்கத்தில் திராட்சை வெட்டுகிற காலத்தில் விடிவதற்கு முன்னாலேயே தோட்டத்தில் ஆள் இறங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் குலை வெட்டி, அழுகல் பொறுக்கி, பெட்டி போட்டு, கேரளத்துக்குப் போகிற வண்டியில் ஏற்றியாக வேண்டும். ஆத்தாளும் மகளுமாகத்தான் போவார்கள். வண்டி கிளம்பியதும் இந்தப் பிள்ளைகள் தோட்டத்துத் தொட்டியிலேயே முகம் கழுவி, சீருடை மாற்றி, ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடம் வரும். கொடிக்கு அடிக்கிற மயில்துத்த மருந்து விரல் இடுக்கில் வெளிறிய நீலமாக ஒட்டியிருக்கும். நான் கேட்டில் நிறுத்தினால் முதல் பாடவேளை போய்விடும், அது பெரும்பாலும் கணக்கு. அதனால் கணக்கு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் விறகு வண்டி வருகிற சின்னக் கதவு ஒன்று உண்டு. அந்தப் பக்கமாக அவளே போய்க் கூட்டி வந்துவிடுவாள். எனக்குத் தெரியும். தலைமையாசிரியையிடம் இரண்டு தடவை சொன்னேன். "விடுங்க டீச்சர், ரிசல்ட் காட்டுறாகல்ல" என்று முடித்துவிட்டார்கள்.

ஆண்டாய்வு வந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து பதிவேடுகளைப் புரட்டி, வகுப்பில் தலை எண்ணிப் பார்க்கிற நாள். முதல் நாள் சாயங்காலம், கணக்கு டீச்சர் அந்த ஏழு பேரையும் நடைபாதையில் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் வரைபடம் மாட்டிக்கொண்டிருந்தேன். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் என் மானத்தக் காப்பாத்துங்கடி. பின்பக்கக் கதவு ஆகாது. ஒம்பதரைக்குள்ள முன் கேட்டு வழியா உள்ள வந்துரணும். பென்சில் கோடெல்லாம் நாளைக்கு ஆகாது, காலையிலயே பேனாவால போட்டுருவேன்" என்றாள். "வந்துர்றோம் மிஸ். தோட்டத்துல சொல்லிட்டு முன்னாடியே கெளம்பிருவோம்" என்று ஒருத்தி சொன்னாள். "உங்க மேல சத்தியம் மிஸ்" என்றாள் இன்னொருத்தி. என் மேல் எந்தப் பிள்ளையும் சத்தியம் செய்ததில்லை. சாமி படத்துக்கு அடிக்கிற ஆணியை வைத்து வரைபடத்தைச் சுவரில் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் எல்லாரும் பட்டுச் சேலையில் எட்டரைக்கே வந்துவிட்டோம். பிள்ளைகளும் முதல் மணிக்கு முன்னாலேயே வரிசையில் நின்றார்கள். ஒன்பது இருபதுக்கு முதல் மணி அடித்தது. கேட்டருகில் நானும் வாட்ச்மேன் அண்ணனும் மட்டும்தான். தெருமுனையில் இருக்கிற புளியமரத்தைத் தாண்டி அந்த ஏழு பேரும் ஓடி வருவதைப் பார்த்தேன். முன்னால் நான்கு பேர், பின்னால் மூன்று பேர். கடைசியாக வந்தவள் ஒரு கையில் செருப்பைப் பிடித்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது இருபத்திரண்டு. வந்துவிடுவார்கள். தலை எண்ணுவது சரியாக வரும், பதிவேடு சுத்தமாக இருக்கும், அதிகாரி தேர்ச்சியைப் பார்த்துவிட்டுக் கணக்கு டீச்சரைப் பாராட்டுவார். இன்றைக்கும் இவள்தான் ஜெயிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். இதையெல்லாம் நினைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. "மணி அடிங்கண்ணே" என்றேன். "ஆயிருச்சாங்க டீச்சர்?" என்றார். "ஆயிருச்சு" என்றேன். அவர் போய் அடித்தார். நான் கேட்டைச் சாத்திப் பூட்டைப் போட்டேன்.

அவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். "டீச்சர், டீக்கடையில மணி கேட்டுட்டுத்தான் வந்தோம். ஒம்பதேகால் தாண்டிருச்சு, ஓடுங்கன்னுதான் சொன்னாக" என்றாள் செருப்பைக் கையில் பிடித்திருந்தவள். "டீக்கடைக் கடிகாரத்த வச்சா பள்ளிக்கூடம் நடக்குது? ஓரமா நில்லு" என்றேன். என் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆய்வு நாள் பரபரப்பில், இரண்டு மணியும் அடுத்தடுத்து அடித்ததை உள்ளே யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் முன்னாலேயே வந்துவிட்டதால் யாருக்கும் நேரம் தேவைப்படவில்லை. தலைமையாசிரியை அறைக் கடிகாரமோ ஒன்பது முப்பத்திரண்டைக் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

பிரேயர் முடிந்ததும் அதிகாரி நேரே பத்தாம் வகுப்பு பி பிரிவுக்குத்தான் போனார். பதிவேட்டில் நாற்பத்தொரு நீலக் கோடு, பெஞ்சில் முப்பத்து நான்கு தலை. ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். கணக்கு டீச்சர் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெளியே ஏழு பேர் நிற்கிறார்களா என்று அதிகாரி கேட்டார். "ஆமாங்க சார். இரண்டாவது மணிக்கு அப்புறம்தான் வந்தாங்க. விதிப்படி நிறுத்தி வச்சிருக்கு" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்கவில்லை. வராத பிள்ளைகளை வந்ததாக எழுதி அரசாங்கப் பதிவேட்டைத் திருத்தியது பற்றி அவர் நீளமாக எழுதிக்கொண்டார்.

முதல் பாடவேளை முடிந்து கேட்டைத் திறந்தபோது கணக்கு டீச்சர் அங்கே வந்தாள். நான் நடைபாதைக்கு வந்துவிட்டேன். அவள் என்ன பேசினாள் என்று அங்கிருந்து கேட்கவில்லை. கையை நீட்டி நீட்டிப் பேசினாள். ஒருத்தி அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வது தெரிந்தது. கணக்கு டீச்சர் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அவள் ஒரு பிள்ளையின் கையைத் தட்டிவிட்டு நான் பார்த்ததே இல்லை. ஏழு பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். அன்று மதியம் நான் சோறு நன்றாகச் சாப்பிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, மனசு நிறைந்துதான் இருந்தது.

மெமோ வந்தது, விளக்கம் கேட்டார்கள், மூன்று வாரத்தில் மாறுதல் உத்தரவும் வந்தது. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. வைகை அணைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமம், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். கிளம்புகிற அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தாள். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீகக்கா. நீங்க உங்க வேலையத்தான் பாத்தீக. எல்லாரும் எனக்காக வளைஞ்சாக, நீங்க ஒருத்தர்தான் நேரா நின்னீக" என்றாள். எனக்கு மாலை போடுகிற மாதிரி இருந்தது அது. கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு என்னை வகுப்பாசிரியை ஆக்கினார்கள். முதல் திங்கட்கிழமை காலையில் அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றேன். மேசையில் சாக்பீஸ் தூள்தான் இருந்தது. சரி, மெல்ல மெல்ல வரும் என்று நினைத்தேன். பிறகு நானும் விதியைத் தளர்த்திப் பார்த்தேன். கேட்டைப் பத்து நிமிடம் பிந்திப் பூட்டினேன். வகுப்பை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனேன். பிள்ளைகள் மரத்தடியில் வகுப்பறையில் இருப்பது போலவே வரிசையாக உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு நாள் கொய்யாக்காய் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். யாரும் தின்னவில்லை, பையில் வைத்துக்கொண்டார்கள். "டீச்சருக்கு ஒடம்புக்கு என்னமோ போல" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வது கேட்டது. அவளுக்குப் பிரியம் கிடைத்தது விதியை மீறியதால் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மலிவான வழி என்று எதைச் சொன்னேனோ, அதுவும் எனக்கு வரவில்லை.

அந்த ஏழு பேரில் இரண்டு பேர் சித்திரைக்கு முன்னாலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்தி ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இன்னொருத்திக்கு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாளே அவளுக்கு, மாமன் மகனைப் பேசி முடித்துவிட்டார்கள். தொடர்ந்து இத்தனை நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. வகுப்பாசிரியை நான்தானே. ஸ்கேல் வைத்து இரண்டு பெயரையும் சிவப்பு மையில் அடித்தேன்.

அதற்குப் பிறகு பல வருஷம் கணக்கு டீச்சரைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் கேள்வி. இரண்டாயிரத்துப் பத்தில், ஓய்வுபெறக் கொஞ்ச வருஷமே இருக்கும்போது, தேனியில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்தபோது, "அக்கா" என்று ஒரு குரல். காதோரம் நரைத்திருந்தாள். கையில் கடிகாரம் கட்டியிருந்தாள். என் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து, அவள் வைத்திருந்த புளிச்சோற்றில் பாதியை என் மூடியில் வைத்தாள். அணைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆண்டிப்பட்டிக்கு மாறிவிட்டதாகச் சொன்னாள்.

"அங்கன இப்ப கேட்டு நான்தான்க்கா. ரெண்டாவது பெல் அடிச்சா ஒரு ஈ உள்ள வராது. உங்ககிட்ட கத்துக்கிட்டது" என்றாள்.

"பிள்ளைக பூ கொண்டாந்து தர்றாகளா?" என்று கேட்டேன். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது. அதுதான் வந்தது.

"பூவா? எனக்கா?" என்று சிரித்தாள். "என்னயப் பாத்தாலே ஒதுங்கிப் போகும்க அதுக. அதுவும் நல்லதுக்குத்தான். நம்ம எறங்கிப் போனா பிள்ளைக தலையில ஏறிக்கிரும்க்கா. அன்னைக்குக் கெஞ்சுனேன்ல, ஒரே ஒரு நாள் நேரத்துக்கு வாங்கடின்னு. வரல. வராதது கூடப் பரவால்ல. நாங்க முன்னாடியே வந்துட்டோம்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றாளுக. கேட்டுல நிக்கிறது யாரு, உங்க வாட்ச் என்ன, எனக்குத் தெரியாதா? பொய் சத்தியமாடி பண்றீகன்னு கையத் தட்டிவிட்டேன். அதோட எனக்கு விட்டுப்போச்சு. அதுக்கப்புறம் எந்தப் பிள்ளை பேச்சையும் நம்புறதில்ல."

இத்தனை வருஷம் எதைப் பார்த்து வயிறெரிந்தேனோ, அது அவளிடம் இல்லை. சந்தோஷப்பட வேண்டியவள் நான். தண்ணீர் குடித்தேன். சும்மா இருந்திருக்கலாம். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். இந்த உலகத்தில் என்னை நேராக நின்றவள் என்று நம்புகிற ஒரே ஆள் அவள்தான், அந்த நம்பிக்கையை நானே கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னேன்.

"அவளுக பொய் சொல்லல. நேரத்துக்குத்தான் வந்தாளுக. புளியமரத்துக்கிட்ட வரும்போதே பாத்துட்டேன். எட்டு நிமிஷம் முன்னாலயே பெல் அடிக்கச் சொன்னேன்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "ஏன்க்கா?" என்றாள்.

"உங்க மேல பொறாமை" என்றேன். அந்தச் சொல்லை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம்கூட.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அப்ப நெசத்தத்தான சொல்லியிருக்காளுக" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம், "இப்ப எங்கன இருக்காளுக? யாராச்சும் தெரியுமா?" என்று கேட்டாள். ஒருத்தியைத் தெரியும் என்றேன். மாமன் மகனைக் கட்டினவள், எங்கள் ஊரிலேயே தோட்டத்துக்குப் போகிற பாதையில் இரண்டாவது வீடு. மற்றவர்களைப் பற்றி அவளிடம் கேட்டால் தெரிந்திருக்கும் என்றேன். பெயர் அடித்ததைச் சொல்லவில்லை, அதை அவளே அங்கே போய்த் தெரிந்துகொள்வாள்.

டிபன் பாக்ஸை மூடினாள். குழாயில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். திருத்தும் மையத்திலிருந்து ஐந்து மணிக்கு முன்னால் யாரும் வெளியே போகக்கூடாது என்று காலையில்தான் மைக்கில் சொல்லியிருந்தார்கள். அவளுடைய விடைத்தாள் கட்டு இன்னும் உள்ளே மேசையில் இருந்தது. "டீச்சர், பெர்மிஷன் வாங்கலையே" என்றேன், பழக்க தோஷம். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர் என்னவோ கேட்டார், அவள் என்னவோ சொன்னாள், அவர் வழி விட்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கமாக வெயிலில் வேகமாக நடந்து போனாள். கம்பம் வண்டி பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் ஊர்.

கூட நானும் எழுந்து போயிருக்க வேண்டும். அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியவள் நான்தான். எனக்கு மதியத்துக்கு இன்னும் பதினைந்து தாள் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து திருத்தினேன். ஒரு மதிப்பெண்கூடக் கூட்டல் பிசகவில்லை. ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அங்கே போய் அவள் என்ன சொன்னாள், அந்தப் பிள்ளை என்ன சொன்னாள், எனக்குத் தெரியாது. அவள் எனக்கு எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளை என்று சொல்லக்கூடாது, அதற்குள் அவளே பிள்ளை பெற்றவளாகியிருப்பாள். ஆனாலும் கணக்கு மிஸ்ஸை வாசலில் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்திருப்பாள், உட்காரவைத்து ஒரு வாய் சாப்பிடச் சொல்லியிருப்பாள், மற்றவர்களுக்கெல்லாம் ஆள் விட்டிருப்பாள். இருவரும் அழுதிருப்பார்கள். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கப் போனவளுக்கு அதுவும் கிடைத்திருக்கும். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.